சிங்மிங் சீனர்களின் ஆடி அமாவாசையா?

கேள்வி, 2 ஏப்ரல் 2024

திருப்பூரிலிருந்து கேட்கிறேன். பட்டன், ஜிப் எல்லாம் சீனாவிலிருந்துதான் எடுக்கிறோம். வியாழக்கிழமையிலிருந்து மூன்று நாள் லீவு, சிங்மிங் பண்டிகை, சரக்கு அடுத்த வாரம்தான் என்று சப்ளையர் கைவிரித்துவிட்டார். என்னவென்று தேடிப் பார்த்தால் முன்னோர் சமாதிக்குப் போய்ப் படைக்கிற நாளாம். ஒரு ராஜா தனக்குத் தொடைக்கறி அறுத்துக் கொடுத்த விசுவாசியை நெருப்பில் சாகவிட்டு, அவர் நினைவாக ஆரம்பித்ததாம். அமாவாசைக்கு அமாவாசை முன்னோருக்குப் படைப்பது நம் வழக்கம்தானே? போதிதர்மரோடு இங்கிருந்து போயிருக்குமோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஏப்ரல் 2024

போதிதர்மரை விட்டுவிடுங்கள், பாவம். குங்ஃபூ, டீ, மூலிகை என்று ஏற்கெனவே எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டியாயிற்று. அவர் சீனாவுக்குப் போனதாகச் சொல்வது ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு வாக்கில். இந்தப் பண்டிகைக்கு அடியில் கிடக்கும் பழைய வழக்கத்துக்குத் தடை போட்டு அங்கே உத்தரவு வந்ததே கி.பி. 206ல்.

அமாவாசையும் இல்லை. இந்த வருஷம் சிங்மிங் ஏப்ரல் 4. அமாவாசை 8ஆம் தேதி, அமெரிக்காவில் சூரிய கிரகணம் வருகிறதே, அன்றைக்கு. போன வருஷம் சிங்மிங் ஏப்ரல் 5, அது பௌர்ணமியை ஒட்டி வந்தது. ஆக நிலாவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சீனப் புத்தாண்டு, படகுப் பண்டிகை, இலையுதிர்காலத்து நிலாப் பண்டிகை எல்லாம் நிலாக் கணக்கு. சிங்மிங் சூரியக் கணக்கு. அதனால்தான் ஆங்கிலத் தேதியில் 4, 5 என்று அப்படியே நிற்கிறது, நம் பொங்கல் நிற்பது போல.

ராஜா, தொடைக்கறி கதைக்கு அப்புறம் வருகிறேன். அதில் எனக்குக் கோபமே உண்டு.

3 ஏப்ரல் 2024, இரவு

இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். நான் ஓசூர்க்காரன், கிரானைட் தொழில். 2015லிருந்து 2018 வரை ஃபுஜியன் மாகாணத்தில் ஹுயிஆன் என்ற ஊரில் இருந்தேன். சுவான்ஜோ நகரத்தைச் சேர்ந்த வட்டாரம். கல் செதுக்குவதுதான் ஊர்த் தொழில். ஜப்பானியர்களின் கல்லறைக் கல்லே பெரும்பாலும் அந்த மாகாணத்தில்தான் அறுத்துச் செதுக்கிப் போகிறது. இங்கிருந்து கறுப்பு கிரானைட் பிளாக் கப்பலில் அங்கே இறங்கும். இறங்கிய பிளாக்கில் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டு, முடி விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கல் முழுக்கக் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக்கோடாக நிற்கும். பார்த்துப் பார்த்து, ஓட்டல் தரையில் தண்ணீர் சிந்தினாலும் குனிந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

ஆக மூன்று வருஷம் கல்லறைக் கல்லோடு புழங்கியவன் என்ற தகுதிதான். சீன மொழி எழுத வராது, பேசினால் விலை பேசுகிற அளவுக்கு வரும்.

4 ஏப்ரல் 2024

இன்று அங்கே சிங்மிங். கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

சீனர்கள் சூரியனின் ஓராண்டுப் பாதையை 24 பங்காக வெட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘வசந்தம் தொடக்கம்’, ‘மழைநீர்’, ‘பூச்சிகள் விழிப்பு’, ‘வசந்தச் சமநாள்’ என்று போகிற வரிசையில் ஐந்தாவது சிங்மிங். தெளிவு, வெளிச்சம் என்று இரண்டு சொல் சேர்ந்தது. வானம் வெளுத்து, புல் முளைத்து, உழவு தொடங்குகிற நாள். பெயரில் சாவும் இல்லை, சமாதியும் இல்லை. சமநாளிலிருந்து சூரியன் 15 பாகை நகர்ந்ததும் சிங்மிங். ஒவ்வொரு பங்கும் 15 பாகை, சுமார் 15 நாள்.

நம் சித்திரை ஒன்றும் சூரியக் கணக்குதான். ஆனால் நாம் நட்சத்திரத்தை வைத்து அளக்கிறோம், அவர்கள் சமநாளை வைத்து. அயனாம்சம் என்று ஜோசியர்கள் சொல்கிற 24 பாகை வித்தியாசம் இதுதான். அவர்கள் 15ல் நிறுத்துகிறார்கள், நாம் 24 வரை போகிறோம். அதனால் சிங்மிங் முடிந்து ஒன்பது பத்து நாளில் நமக்கு வருஷப்பிறப்பு.

4 ஏப்ரல் 2024, மதியம்

தப்பித் தவறி உங்கள் சப்ளையருக்கு ‘ஹேப்பி சிங்மிங்’ என்று அனுப்பிவிடாதீர்கள். 2016ல் நான் அனுப்பினேன், பட்டறையின் வீசாட் குழுவில், பூ படம் போட்டு. முப்பது பேர் இருக்கிற குழுவில் அரை மணி நேரம் ஒரு சத்தமில்லை. பிறகு கணக்குப் பிரிவுப் பெண் தனியாக ஒரு வரி அனுப்பினார்: “உங்கள் ஊரில் கருமாதிக்கு வாழ்த்துச் சொல்வீர்களா?” கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாராம்.

4 ஏப்ரல் 2024, இரவு

2017ல் பட்டறை ஷிஃபு என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைத்தொழிலில் மூத்தவரை அங்கே ஷிஃபு என்பார்கள், நம் மேஸ்திரி மாதிரி. அவர்கள் பேசுவது ஹொக்கியன். அதில் சிங்மிங் இல்லை, செங் பெங்.

காலை ஆறரைக்கு மூன்று வண்டி, பதினான்கு பேர். டிக்கியைத் திறந்தால் களைக்கொத்து, அரிவாள், துடைப்பம், பிளாஸ்டிக் வாளி, ஒரு சின்ன டப்பா சிவப்பு பெயிண்ட், இரண்டு பிரஷ். படையலுக்கு முழுக் கோழி, மீன், ஆரஞ்சு, வேகவைத்த முட்டை, மது. வீட்டுப் பிள்ளைகள் கையில் பட்டம். காது குத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய கூட்டம் மாதிரி ஒரே கலகலப்பு. துக்கம் எங்கே என்று தேடினேன்.

தென் ஃபுஜியனில் பழைய கல்லறைகள் ஆமை ஓடு போல மேடு கட்டி, முன்னால் சாய்வு நாற்காலிக் கை போல இரு பக்கமும் சுவர் வளைந்து வரும். அன்றைக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வருஷத்துப் புல், இடுப்பு உயரம். எது யாருடையது என்று ஷிஃபுவுக்கே இரண்டு இடத்தில் சந்தேகம். புல்லை விலக்கிக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது பக்கத்து வீட்டுக்காரர், இவருக்குக் கும்பிடு மட்டும்” என்று நகர்ந்தார்.

பிறகு ஒரு மணி நேரம் வெறும் களைவெட்டு. எனக்குப் புரிந்தது அப்போதுதான். சமாதியைப் ‘பெருக்குவது’ என்று சீன மொழியில் சொல்வது பேச்சுக்குச் சொல்வதில்லை. மழைக்குப் பிறகு புல் கிளம்பும், வேர் போய்ப் பிளவில் நுழையும், கல் சாயும். கல் தொழில் தெரிந்த யாரும் வசந்தத்தில் ஒருமுறை போய்ப் பிடுங்கத்தான் செய்வான். ராஜா கதை இல்லாவிட்டாலும் இந்த நாள் வந்திருக்கும்.

வெட்டி முடித்ததும் நேராக முன்னோருக்குப் படைக்கவில்லை. கல்லறைக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கல் நிற்கும், அந்த மண்ணின் தெய்வம். முதல் ஊதுவத்தி அவருக்கு. இடத்துக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் குடியிருப்பவரைப் பார்க்க வேண்டும் என்றார் ஷிஃபு.

கல்லில் எழுத்து மங்கியிருந்தது. கல்லுக்காரன்தானே என்று பிரஷை என் கையில் கொடுத்தார்கள். வெட்டிய பள்ளத்துக்குள் மட்டும் பெயிண்ட் போக வேண்டும், விளிம்புக்கு வரக்கூடாது. ஷிஃபுவின் பாட்டி பெயரில் ஒரு கோட்டை நான் வெளியே இழுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரல் நகத்தால் வழித்து, தன் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

5 ஏப்ரல் 2024

இப்போது தொடைக்கறி.

கதை இப்படி. கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டு. ஜின் நாட்டு இளவரசன் சோங்அர் 19 வருஷம் நாடோடியாகத் திரிகிறான். பசியில் சுருண்டபோது கூட இருந்த ஜியே ஸிதுய் தன் தொடையை அறுத்துச் சூப் வைத்துக் கொடுக்கிறார். கி.மு. 636ல் சோங்அர் பட்டத்துக்கு வந்து வென் கோமகன் ஆகிறான். கூட இருந்த எல்லாருக்கும் பரிசு, இவரை மட்டும் மறந்துவிடுகிறான். அவர் தாயை அழைத்துக்கொண்டு மியன் மலைக்குப் போய்விடுகிறார். ஞாபகம் வந்து தேடிய கோமகன், வெளியே வரவைக்கக் காட்டுக்குத் தீ வைக்கச் சொல்கிறான். தாயும் மகனும் ஒரு மரத்தடியில் கருகிக் கிடக்கிறார்கள். அந்த நாளில் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது, ஆறியதைத்தான் தின்ன வேண்டும் என்று உத்தரவு. அதுதான் ஹான்ஷி, குளிர்ந்த சோற்று நாள். மறுநாளோ அதற்கு மறுநாளோ சிங்மிங். இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டது.

எல்லா வலைப்பக்கத்திலும் இதுதான். ஆனால் சம்பவத்தைச் சொல்லும் மிகப் பழைய நூலான ஸுவோ ஜுவானில் தொடையும் இல்லை, தீயும் இல்லை. அவர் ஒதுங்கிப் போனார், மறைந்தே இறந்தார், கோமகன் தேடிக் கிடைக்காமல் ஒரு நிலத்தை அவர் பெயருக்கு எழுதிவைத்து ‘என் தவற்றுக்கு அடையாளம்’ என்றான். அவ்வளவுதான். தொடையும் எரிந்த மரமும் பிற்பாடு ஜுவாங்ஸி என்ற தத்துவ ஞானியின் நூலில் ஒரு வரியில் தலைகாட்டுகின்றன. அதிலும் பண்டிகை பற்றிப் பேச்சில்லை. நல்ல கதைக்கு நெருப்பு தேவைப்பட்டிருக்கிறது, சேர்த்துக்கொண்டார்கள்.

கோபம் என்றேனே, அது இதற்குத்தான். ஒரு ஊரே குளிரில் பச்சைத்தண்ணியும் பழையதுமாக இருந்த வழக்கத்தை ஒரு ராஜாவின் மனசாட்சிக் கதையாகச் சுருக்கிவிட்டார்கள்.

6 ஏப்ரல் 2024

அந்த வழக்கம் எவ்வளவு கடுமை என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

முதலில் அது வசந்தத்தில் இல்லை, நடுக்குளிரில். வடக்கே, ஷான்ஷி மாகாணத்துத் தைய்யுவான் பக்கம், ஒரு மாதம் வரை அடுப்பு மூட்டாமல் இருந்தார்கள். கிழவர்களும் குழந்தைகளும் செத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஜோவ் ஜூ என்ற அதிகாரி அங்கே பொறுப்புக்கு வந்தார். தடை போட்டால் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜியே ஸிதுய்க்கு இருந்த கோயிலுக்கே போய், ‘இப்படி மக்களைச் சாகடிப்பது உங்களைப் போன்ற நல்லவருக்கு உவப்பாக இருக்காது’ என்று எழுதி வைத்துவிட்டு வந்தார். கெட்டிக்காரர். சாமியிடமே மனு.

அடுத்து வந்தவர் சாவ் சாவ். (பெயருக்கு நான் பொறுப்பில்லை.) மூன்று ராஜ்ஜியக் கதைகளில் வில்லனாக வருவாரே, அவர்தான். அதற்குள் நாள் நகர்ந்து, குளிர்காலச் சூரியத் திருப்பத்திலிருந்து 105ஆம் நாள் என்று ஆகியிருந்தது. 206ல் அவர் போட்ட உத்தரவு: இனி யாரும் குளிர்ந்த சோறு அனுஷ்டிக்கக் கூடாது, மீறினால் குடும்பத் தலைவனுக்கு அரை வருஷம் சிறை, பொறுப்பு அதிகாரிக்கு நூறு நாள், ஊர்த் தலைமைக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தம். வடக்கே குளிர் தாங்காது என்பது அவர் சொன்ன காரணம். கூடவே ஒரு குத்தல் வேறு. வூ நாட்டில் வூ ஸிஷு என்ற அமைச்சரின் உடலை ஆற்றில் எறிந்தார்களே, அதற்காக அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் குடிக்காமலா இருக்கிறார்கள் என்று கேட்டார்.

சம்பளப் பிடித்தமும் வேலைக்கு ஆகவில்லை. நாலாம் நூற்றாண்டில் ஷி லே என்ற அரசரும் தடுத்துப் பார்த்தார். ஆலங்கட்டி மழை கொட்டியது, ஜியே ஸிதுய் கோபித்துக்கொண்டார் என்று சொல்லித் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

6 ஏப்ரல் 2024, இரவு

“அப்போ நெருப்பை அணைப்பதற்கு உண்மைக் காரணம் என்ன?” என்று தனிச் செய்தியில் ஒரு தம்பி. கதைக்கு முந்தைய காலத்திலேயே வசந்தத்தில் பழைய நெருப்பை அணைத்துப் புது நெருப்பு கடைவது உண்டு என்கிறார்கள். தாங் வம்சத்து அரசவையில் சிங்மிங் அன்று எல்ம், வில்லோ மரக்கட்டையில் கடைந்த புது நெருப்பை அரசர் பெரிய மனிதர் வீடுகளுக்கு அனுப்புவார். பழையதை அணைத்துவிட்டு, புதியது வரும்வரை நடுவில் சமைக்க முடியாத ஒன்றிரண்டு நாள். குளிர்ந்த சோறு அங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நாம் போகிக்கு எரிக்கிறோம், அவர்கள் அணைத்தார்கள்.

7 ஏப்ரல் 2024

திருத்தம். ஒருவர் விரல் விட்டு எண்ணியிருக்கிறார். டிசம்பர் 22லிருந்து ஏப்ரல் 4 வரை 104 நாள்தான் வருகிறது, 105ஆம் நாள் ஹான்ஷி என்றால் அது சிங்மிங்குக்குப் பிறகு அல்லவா வரும், முன்னால் எப்படி என்கிறார். சபாஷ்.

நான் 4ஆம் தேதி எழுதிய 15 பாகை இன்றைய கணக்கு. அது 1645ல் சிங் அரசு கொண்டுவந்த பஞ்சாங்கச் சீர்திருத்தம். அதற்கு முன் 24 பங்கையும் பாகையால் பிரிக்கவில்லை, நாளால் பிரித்தார்கள். 365 நாளை 24ஆல் வகுத்தால் பங்குக்கு 15.2 நாள். திருப்பத்திலிருந்து சிங்மிங் ஏழாவது பங்கு, ஆக 106 நாளும் கொஞ்சமும். ஹான்ஷி 105, சிங்மிங் 106 சொச்சம், சரியாக உட்கார்ந்தது. ஜனவரியில் பூமி சூரியனுக்குக் கிட்டத்தில் வேகமாக ஓடுகிறது, அதனால் பாகைக் கணக்கில் அந்தத் தூரம் 104 நாளிலேயே முடிந்துவிடுகிறது. நாள் எண்ணிக்கையைக் கைவிட்டு, சிங்மிங்குக்கு முந்தைய நாள் ஹான்ஷி என்று முடித்துக்கொண்டார்கள்.

இன்று ஞாயிறு. ஆனால் சீனாவில் வேலை நாள், வியாழன் முதல் சனி வரை விட்ட லீவுக்கு ஈடு. திருப்பூர் அண்ணே, சப்ளையரைக் கூப்பிடுங்கள், எடுப்பார்.

9 ஏப்ரல் 2024

சாப்பாடு பற்றி நான்கு பேர் கேட்டாயிற்று. மற்றதை ஒருவரும் கேட்கவில்லை.

சுவான்ஜோ பக்கம் சிங்மிங் என்றால் ருன்பிங். மைதாவைத் தண்ணீராகவும் இல்லாமல் உருண்டையாகவும் இல்லாமல் வழவழவென்று பிசைந்து, அந்தப் பந்தைக் கையில் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டம் நின்றால் வழிந்துவிடும். சூடான கல்லில் அதை ஒரு சுற்றுத் தேய்த்து எடுத்தால், ஒட்டிக்கொண்ட படலம் மட்டும் நிற்கும். பத்து விநாடியில் உரித்து எடுப்பார்கள். நம் ஊர் ஆப்பக்கடை ஆயா பார்த்தால் மெச்சிக்கொள்வார். அதில் கோஸ், கேரட், பட்டாணி, சிப்பி, வறுத்த கடற்பாசி, வேர்க்கடலைப் பொடியும் சர்க்கரையும் வைத்து அவரவரே சுற்றிக்கொள்ள வேண்டும். ஆசையில் அள்ளிப் போட்டேன், கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதை ஷிஃபுவின் மனைவி என் கையிலிருந்து பிடுங்கிச் சுற்றிக் கொடுத்தார், குழந்தைக்குக் கொடுப்பது போல.

இது குளிர்ந்த சோற்றின் மிச்சம் என்கிறார்கள். தோலை முதல் நாளே போட்டு வைத்து, மலையில் இருந்து வந்ததும் அடுப்பு மூட்டாமல் சாப்பிடலாம். ஷிஃபு வீட்டில் காய் சூடாகத்தான் வந்தது. நான் கேட்கவில்லை.

ஷாங்காய், சூஜோ பக்கம் சிங்துவான். மாசிபத்திரி இனத்துச் செடியை அரைத்துப் பிழிந்து, பசையரிசி மாவில் கலந்த பச்சைக் கொழுக்கட்டை, உள்ளே சிவப்புப் பயறு பூரணம். 2016ல் ஷாங்காயில் உப்பு முட்டை மஞ்சள் கருவும் பன்றி இறைச்சித் தூளும் வைத்து ஒன்று வந்தது, அதற்கு மணிக்கணக்கில் வரிசை நின்றார்கள். கான்டன்காரர்கள் முழுப் பன்றியைச் சுட்டு மலைக்கே தூக்கிப் போவார்கள், இறங்கும்போது பங்கு பிரிப்பார்கள். ஷான்ஷியில் ஜியே ஸிதுய் பெயராலேயே ஒரு ரொட்டி உண்டு, ஆவியில் வேகவைப்பது.

10 ஏப்ரல் 2024

பினாங்கு அக்கா ஒருவர், “தம்பி, நீங்கள் சொல்வது எங்கள் போப்பியா” என்கிறார். அதேதான் அக்கா. ஃபுஜியனிலிருந்து உங்கள் ஊருக்கு வந்தது. செங் பெங் என்ற பெயரும் அப்படியே வந்திருக்கிறது. அங்கே கல்லறையில் சிப்பி தின்று ஓட்டை மேட்டில் வீசுவதைப் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறார். ஃபுஜியனுக்குப் பக்கத்து மாகாணத்திலிருந்து வந்த தேயோச்சியூ மக்களிடம் அது உண்டு, ஓடு காசுக்கு அடையாளம்.

11 ஏப்ரல் 2024

நேற்றுப் படுத்த பிறகு ஒன்று உறைத்தது, எழுந்து எழுதுகிறேன்.

மலையில் அன்று கல்லறை மேட்டின் மேல் மஞ்சள் காகிதத் துண்டுகளை வைத்து, பறந்துவிடாமல் சிறு கற்களை அடுக்கினோம். ‘வந்து போனோம்’ என்பதற்கு அடையாளம், காகிதம் இல்லாத கல்லறை வாரிசு இல்லாத கல்லறை என்றார் ஷிஃபு. எரிக்கும் காசுக் காகிதம் தனி. அதை மேலே எரிக்கவில்லை. அடிவாரத்திலேயே வனக்காவலர்கள் எல்லார் லைட்டரையும் வாங்கிக்கொண்டார்கள். ஊதுவத்தியைப் பற்றவைக்கக்கூட ஒரு காவலர் கூட வந்து நின்று, பற்றவைத்து, அணைத்துவிட்டுப் போனார். காகிதக் காசைக் கீழே இரும்புப் பீப்பாயில்தான் போட வேண்டும், எல்லாக் குடும்பத்தின் காசும் ஒரே பீப்பாயில். தாத்தாவுக்குப் போய்ச் சேருமா, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகுமா என்று பையன் ஒருவன் கேட்டதற்கு அடி வாங்கினான்.

தாங் காலத்துக் கவிஞர் வாங் ஜியன் ஹான்ஷி பற்றி எழுதியதில் இதே கேள்வி இருக்கிறது. மூன்று நாள் நெருப்பே இல்லையே, காசுக் காகிதம் பாதாளத்துக்கு எப்படிப் போகும் என்கிறார். அந்த மூன்று நாளில் எரிக்க முடியாது, வைக்கத்தான் முடியும். கல் வைத்து அமுக்கும் காகிதம் நெருப்பில்லாத நாளிலிருந்து வந்த பழக்கமாகத்தான் எனக்குப் படுகிறது. சாவ் சாவ் ‘மூட்டு’ என்று உத்தரவு போட்டார், கேட்கவில்லை. இப்போது வனத்துறை ‘மூட்டாதே’ என்கிறது, அதற்கும் முனகல்தான்.

14 ஏப்ரல் 2024

வருஷப்பிறப்பு வாழ்த்துகள். (இதற்குச் சொல்லலாம்.)

விட்டுப்போன ஒன்று. கல்லறைக்குப் போவது ஹான்ஷியோடு எப்போது சேர்ந்தது? மக்கள் முன்பே போய்க்கொண்டிருந்தார்கள், அரசு அதைச் சடங்காக ஏற்றது 732ல், தாங் சுவான்சோங் அரசரின் உத்தரவில். பழைய நூல்களில் இல்லாத வழக்கம், ஆனாலும் ஊரெல்லாம் செய்கிறது, இருக்கட்டும் என்ற தொனி. அதிகாரிகளுக்கு லீவு நாலு நாளில் ஆரம்பித்து 790ல் ஏழு நாள் ஆனது. மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் கூடும் ஷாங்ஸி என்ற விழாவும் பக்கத்திலேயே வரும். கட்டுச்சோற்றோடு போய் உட்காருவது, பட்டம், ஊஞ்சல் எல்லாம் அதோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. மலையில் நான் துக்கத்தைத் தேடியது வீண். ஒரே நாளில் மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை பழசு என்று பேசுகிறோம், மக்கள் சீனாவில் சிங்மிங் பொது விடுமுறை ஆனது 2008ல்தான். நடுவில் 1976 உண்டு. ஜனவரியில் இறந்த பிரதமர் சோவ் என்லாய்க்காக சிங்மிங் அன்று தியனன்மென் சதுக்கத்தில் மக்கள் மலர்வளையம் குவித்தார்கள். இரவோடு இரவாக அகற்றினார்கள், மறுநாள் ஏப்ரல் 5ல் சதுக்கம் கொந்தளித்தது. கல்லறை இல்லாத இடத்தில் நடந்த கல்லறைப் பூசை.

15 ஏப்ரல் 2024

‘சிங்மிங் ஓவியம்’ பற்றிக் கேட்டவருக்கு: ஜாங் ஸெதுவான் வரைந்தது, பன்னிரண்டாம் நூற்றாண்டு, உயரம் 25 சென்டிமீட்டர்தான், நீளம் ஐந்து மீட்டருக்கு மேல். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரில் சிங்மிங் இருக்கிறதே தவிர அதில் யாரும் கல்லறை பெருக்கவில்லை. கிளை செருகிய பல்லக்கு ஒன்று ஊருக்குள் வருகிறது, மலையிலிருந்து திரும்புகிறது என்கிறார்கள். விசிறி பிடித்தவர்களைக் காட்டி, இது வசந்தமே இல்லை என்பவர்களும் உண்டு.

21 ஏப்ரல் 2024

“தமிழுக்கும் இதற்கும் ஒன்றுமே இல்லையா?” என்று திருப்பூர் அண்ணன் விடாமல் கேட்கிறார். போதிதர்மர் போனதில் மனிதருக்கு வருத்தம்.

சரி, ஒன்று தருகிறேன், பண்டிகைக்கு இல்லை, ஊருக்கு. நான் ருன்பிங் கிழித்த அதே சுவான்ஜோவில் 1281ல் தமிழ் வணிகர்களின் சிவன் கோயில் இருந்தது. கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சகாப்தம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். திருக்கானீச்சுரம் என்று கோயிலுக்குப் பெயர், சம்பந்தப்பெருமாள் என்பவர் எடுப்பித்தது. தமிழ் வரிகளுக்கு அடியில் சீன எழுத்திலும் ஒரு வரி. குப்லாய் கான் காலம். குவோ ஷோவ்ஜிங் கணித்த புதிய பஞ்சாங்கம் அந்த நாட்டில் நடைமுறைக்கு வந்ததும் அதே 1281ல்தான், ஆண்டுக்கு 365.2425 நாள் என்ற கணக்கோடு.

அன்றைக்கு அயனாம்சம் இப்போதைவிடக் குறைவு. சித்திரை ஒன்றும் சிங்மிங்கும் இன்று இருப்பதைவிட நெருங்கி வந்திருக்கும். நம் ஆட்கள் வருஷப்பிறப்புக்குக் கோயிலில் நின்றபோது ஊர்க்காரர்கள் களைக்கொத்தோடு மலையேறிக்கொண்டிருந்தார்களோ என்னவோ. இது கற்பனை, தகவல் பலகையில் போட்டுவிடாதீர்கள். கல்வெட்டு மட்டும் நிஜம்.

6 ஏப்ரல் 2025

ஒரு வருஷம் ஆயிற்று. 5 ஏப்ரல் 2024 குறிப்பில் கொஞ்சம் துள்ளியிருக்கிறேன், பின்வாங்குகிறேன்.

ஷிஃபு வீசாட்டில் மலைப் படம் அனுப்பியிருந்தார். புல், வாளி, அதே டப்பா. அப்போதுதான் ஞாபகம் வந்தது, 2017ல் களை வெட்டி உட்கார்ந்தபோது அவரும் ஜியே ஸிதுய் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் தொடையையும் தீயையும் எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் ஒரே வரியில் தாண்டிவிட்டு, அம்மாவும் மகனும் பேசுவதைத்தான் நீட்டிச் சொன்னார். பாதி எனக்குப் புரியவில்லை, கணக்குப் பிரிவுப் பெண் பிறகு விளக்கினார்.

ஊர் திரும்பிய பிறகு ஸுவோ ஜுவானின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் புரட்டினேன். தீ இல்லாத அந்தப் பழைய நூலில் இந்தப் பேச்சு இருக்கிறது. நீயும் போய்க் கேட்டுப் பாரேன், கேட்காமல் செத்தால் யாரை நொந்துகொள்வாய் என்கிறாள் அம்மா. குற்றம் சொல்லிவிட்டு நானே போய் வாங்கினால் அது பெரிய குற்றம் என்கிறான். தெரியப்படுத்தவாவது செய் என்கிறாள். பேச்சு என்பது உடம்புக்கு அலங்காரம், உடம்பையே மறைக்கப் போகிறவனுக்கு அலங்காரம் எதற்கு என்கிறான். உன்னால் அப்படி இருக்க முடியுமா, முடிந்தால் நானும் உன்னோடு மறைகிறேன் என்று அவள் கிளம்பிவிடுகிறாள்.

கதை பிற்காலத்தது என்று நான் தள்ளியதில் அம்மா மட்டும் முதலிலிருந்தே இருந்திருக்கிறாள். ஷிஃபு அவளைத்தான் பிடித்துக்கொண்டார், நான் நெருப்பைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன்.

அப்புறம், அன்று என் சட்டைக் கையில் பட்ட சிவப்பு பெயிண்ட் இன்னும் போகவில்லை. தின்னர், மண்ணெண்ணெய் இரண்டும் போட்டாயிற்று. திருப்பூர்க்காரர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.